எட்டாத காது

ஜூன் 2, திங்கள்

இன்று என் பிறந்தநாள் அல்ல. இருந்தாலும் ஆய்வகத்தில் கேக் வாங்கி, கையில் பிளாஸ்டிக் கத்தியைத் திணித்து, பாட்டும் பாடி முடித்தார்கள். சர்டிபிகேட்டில் இந்தத் தேதிதான் இருக்கிறது. நான் பிறந்தது ஐப்பசியில், நவம்பர் இரண்டு. என் அப்பா குருசாமி, ஆலங்கிணறு ஆரம்பப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை மாற்ற முடியாது, மகள் பிறந்த நாளை மாற்றலாம் என்று ஐந்து மாதம் முன்னால் தள்ளி எழுதிவிட்டார்.

கேக்கை விழுங்குவதற்குள் பேராசிரியர் குலசேகரன் தன் போனை நீட்டினார். அமுதகலசம் அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் விருது, முதுமை உயிரியலுக்கு மட்டும். வெறும் கேடயமும் சால்வையும் அல்ல. ஐந்து வருடத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்வகம், வாசலில் பெயர்ப்பலகை, கூட இரண்டு மாணவர்கள். என் ஒப்பந்தம் வருகிற மார்ச்சோடு முடிகிறது. நீட்டிக்க வழியில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இந்த விருது கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் ஏதாவது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊராருக்குச் சர்க்கரை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தகுதி: ஜூலை முதல் தேதியில் முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆதாரம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழ்ப்படி எனக்கு இன்றுதான் முப்பத்தைந்து நிறைந்தது. கேக்கின் மேல் அதை எண்ணாலும் எழுதியிருந்தார்கள், பாவிகள்.

"அடடா, ஒரு மாசத்துல மிஸ் ஆயிடுச்சே மங்கை" என்றார் பேராசிரியர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவர் என்னைப் பெற்றவர், அதுவும் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே.

முதுமையை ஆராய்கிறவர்களுக்கு வயது வரம்பு வைத்த புண்ணியவானை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று அடுக்கிக்கொண்டு வந்த நம் பழைய ஆட்கள், நாற்பது வயது வரைக்கும் ஒருத்தியைப் பேரிளம்பெண் என்றுதான் சொன்னார்கள். முன்னால் ஒரு 'பேர்' ஒட்டினார்களே தவிர, 'இளம்' என்பதை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அறக்கட்டளைக்கு வந்துவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"சர்டிபிகேட்ல டேட் தப்புன்னா, அப்ப உங்கள ஸ்கூல்ல சேர்த்த ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் குடுத்தாருன்னா கமிட்டில வைக்கலாம் மேடம். அவர் உயிரோட இருக்காரா?"

இருக்கிறார். தினமும் காலையில் ஊரைச் சுற்றி வேகநடை வேறு நடக்கிறார்.

கேஸ் சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு. ஆலங்கிணறு

நேற்றுக் காலை கோவில்பட்டியில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அப்பா, நான் தட்டச்சு செய்து கொண்டுவந்த கடிதத்தைக் கண்ணாடி போடாமலே படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"என்னட்டி இது?"

"உண்மைய எழுதிக் குடுங்கப்பா. நான் நவம்பர்லதான் பிறந்தேன்னு. ஒரே ஒரு கையெழுத்து."

"எழுதுனது எழுதுனதுதான்."

"தப்பா எழுதுனது."

"என்ன தப்பு? நீ காதத் தொட்ட."

தொட்டேனாம். எங்கள் ஊரில் அப்போது பிறப்பைப் பதிகிற வழக்கமே கிடையாது. பள்ளியில் சேர வரும் பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. "எட்டலப்பா" என்று அழுதேன். "தலையச் சாயி" என்றார். சாய்த்தேன், எட்டிவிட்டது. அன்றைக்குச் சாய்த்த தலைக்குத்தான் இன்றைக்கு என் ஆய்வகம் போகிறது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்து மூடியது.

"சொந்த மகளுக்கு ஏன் வயசக் கூட்டுனீங்க? சொல்லுங்க!"

"ஒனக்கு மட்டுமா கூட்டுனேன்? ஊருக்கே அப்படித்தான். நாலு முடிஞ்சதும் பிள்ளையத் தூக்கிட்டு வந்து அஞ்சுன்னு எழுதிருவேன். எம் மகளுக்கு மட்டும் சரியா எழுதுனா, வாத்தியார் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமான்னு கேக்க மாட்டானா? இன்னைக்கு ஒனக்கு மட்டும் திருத்திக் குடுத்தாலும் அதத்தான் கேப்பான்."

நியாயமாம் நியாயம். மகளை அறுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு நியாயம் பரிமாறுகிறார்.

அம்மா முருங்கைக்காயையும் கடலைமிட்டாயையும் பையில் போட்டுத் தந்தாள். "அவுகள ஒனக்குத் தெரியாதாட்டி" என்றாள். தெரிந்துதான் என்ன புண்ணியம்?

ஜூன் 10, செவ்வாய்

பேராசிரியர் கூப்பிட்டார். எதிரே நாற்காலியில் அஸ்வத் உட்கார்ந்திருந்தான். எனக்கு நாலு வருடம் பின்னால் வந்தவன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவன், மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழோடு.

"மங்கை, நீங்க அப்ளை பண்ண முடியாதில்லையா? ஆலங்கிணறு டேட்டாவ வச்சு அஸ்வத் போடட்டும். விருது வந்தா நம்ம லேபுக்குத்தானே பேரு. எல்லாம் டீம் ஒர்க் மா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதை இனிமேல் டீம் ஒர்க் என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஆலங்கிணறு ஆய்வு என்னுடையது. நமக்கு வயது ஏற ஏற, ரத்தத்தில் உள்ள மரபணுக்களின் மேல் சில குறிகள் மாறிக்கொண்டே போகும். அவற்றை அளந்தால் உடம்புக்கு எத்தனை வயது என்று கணக்கிடலாம். சென்னையில் நூற்றுக்கணக்கான பேரிடம் ரத்தம் எடுத்து இந்தக் கணக்கை உருவாக்கியவள் நான். பிறகு எங்கள் ஊருக்குப் போய், நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் முந்நூறு பேரிடம் எடுத்தேன். வாத்தியார் மகள் என்பதால் ஊரே வரிசையில் நின்றது. "எந்த வயசு சொல்லட்டும் மங்க? சர்டிபிகேட் வயசா, உள்ள வயசா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆதாரம் இருப்பதை மட்டும் எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. சர்டிபிகேட்டும் டி.சி.யும் பார்த்து எழுதிக்கொண்டோம்.

முடிவு வந்தபோது பேராசிரியர் துள்ளிக் குதித்தார். எங்கள் ஊர்க்காரர்களின் உடம்பு, சொல்லும் வயதைவிட ஏறக்குறைய ஒரு வயது இளமையாக இருந்தது. கம்பும் சோளமும்தான் காரணம் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? மார்ச் வரைக்கும் சம்பளம் அவர் கையில்.

ஜூன் 13, வெள்ளி

அஸ்வத் கேட்டான்: "அக்கா, கம்பும் சோளமும் ஒண்ணுதானே?"

ஜூன் 24, செவ்வாய்

அவனுக்காக நான் எழுதும் விண்ணப்பத்தில் "என் ஆய்வு", "நான் கண்டறிந்தேன்" என்று நானே தட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு "நான்"-க்கும் பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது.

எழுதும்போது ஒன்று உறுத்தியது. வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு இந்த இளமை இல்லை. இருபது வருடமாக அதே கம்பங்கூழ், அதே கிணற்றுத் தண்ணீர். அவர்களின் உடம்பு மட்டும் சொன்ன வயதிலேயே இருக்கிறது. பேராசிரியரிடம் காட்டினேன்.

"அப்ப சின்ன வயசுல சாப்பிட்டாத்தான் பலன் போல. அத தனியா எழுதாதீங்க, ஜட்ஜ் குழம்பிடுவாங்க" என்றார்.

எழுதவில்லை. என் பெயரில் போகாத விண்ணப்பத்துக்கு நான் ஏன் மூளையைக் கசக்க வேண்டும்?

ஜூலை 1, செவ்வாய்

வரம்பு நாள். இன்று எனக்கு உண்மையில் முப்பத்துநான்கு. யாருக்கு வேண்டும் அந்த உண்மை?

ஜூலை 18, வெள்ளி

அஸ்வத் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டான். அதற்குள் ஒரு செய்தித்தாள், "முதுமை தள்ளிப்போகும் கரிசல் கிராமம்" என்று அரைப்பக்கம் போட்டுவிட்டது. படத்தில் அஸ்வத் கூழ்க் கலயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கலயத்தைப் பிடிக்கவே தெரியவில்லை, பூந்தொட்டி மாதிரி பிடித்திருக்கிறான்.

சாயங்காலம் அம்மா பேசினாள். "நம்ம ஊர் பேப்பர்ல வந்துருக்குட்டி! கடைக்கு கடை அதான் பேச்சு."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு தடவ படிச்சாக. மடிச்சு வச்சுட்டு செருப்பப் போட்டுட்டு வெளிய போயிட்டாக. சாப்பாட்டுக்கும் வரல."

மகள் பெயர் எங்கேயும் இல்லையே என்கிற வருத்தமாக இருக்கும். இருக்கட்டும், நன்றாகப் படட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆலங்கிணறு கணக்கில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். குளிர்பெட்டி அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது, மெக்கானிக் வரவில்லை. நேரமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கிடைத்துவிட்டது அவனுக்கு. பேராசிரியர் பால்கோவா வாங்கி வந்தார். அஸ்வத் என் மேசைக்கு வந்து, "அக்கா, நிஜமா இது உங்களோடதுதான்" என்றான். என்னுடையது என்றால் என்னிடம் கொடேன் தம்பி. வாய் வார்த்தையில் என்ன செலவு? பால்கோவாவை வாங்கி மேசையிலேயே வைத்தேன். எறும்பு தின்றது.

விழா செப்டம்பர் இருபத்தாறாம் தேதி. அமைச்சர் வருகிறாராம்.

ஆய்வகத்தில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டு, என் ஜாதகம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். ஊரில் மற்றவர்களும் ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்களா என்றும் கேட்டேன். சும்மாதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு. ஆலங்கிணறு

விஞ்ஞானி மங்கையர்க்கரசி வீடு வீடாகப் போய் ஜாதகம் கேட்கிறாள். வெட்கக்கேடு. ஆனால் எங்கள் ஊரில் பிறந்த நாளைப் பொய் சொல்லாத ஒரே காகிதம் அதுதான். பிறந்த கையோடு ஜோசியம் பார்க்கும் வள்ளுவரிடம் போய்க் குறித்து, மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெட்டிக்குள் கைவிட வழியில்லை.

ஊர் வாயை மூட முடியுமா? "வாத்தியார் மகளுக்கு இப்பத்தான் கல்யாண ஆச வந்துருக்கு போல. ஆனா ஏன் ஐம்பது வயசு ஆம்பளையா பாத்துக் கேக்கா?" என்று குழாயடியில் பேச்சாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மேலத்தெரு பேச்சியம்மாள் அக்கா தன் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கே கேட்டோம்லா மங்க, எந்த வயசு வேணும்னு. நீதான சர்டிபிகேட் வயசு போதும்னுட்ட."

என் ஜாதகத்தையும் பார்த்தேன். ஐப்பசி, பரணி நட்சத்திரம். பரணியில் பிறந்தால் தரணி ஆள்வார்களாம். எனக்கு ஒரு அறையும் ஒரு நுண்ணோக்கியும் போதும் என்றுதானே கேட்டேன்?

அப்பா என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முடிந்தது. உண்மையான பிறந்த தேதிகளைப் போட்டுக் கணக்கிட்டேன். ஆலங்கிணற்றின் இளமை காணாமல் போய்விட்டது. எங்கள் ஊரும் எல்லா ஊரையும் போலத்தான் வயதாகிறது. கம்பும் இல்லை, சோளமும் இல்லை. அந்த ஒரு வயது, என் அப்பா பேனாவால் கூட்டிய ஒரு வயது. வெளியூரில் பிறந்த மருமகள்கள் அவரிடம் படிக்கவில்லை, அதனால்தான் அவர்களுக்கு அது இல்லை.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். பேச்சியம்மாள் அக்கா மாதிரி. விடிவதற்கு முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மருந்து நெடியோடு இருட்டிய பிறகு இறக்கிவிடும். அவர்களுடைய உடம்பு உள்ள வயதைவிட மூன்று வயது மூத்திருக்கிறது. சர்டிபிகேட்டில் கூட்டிய வயது அதன் மேல் படுத்து, அதில் ஒரு வயதை மூடி வைத்திருந்தது. ஊரே இளமை என்று கூழைக் காட்டிப் படம் பிடித்தார்களே, அந்தக் கூட்டத்தில் சிறுபிள்ளையாகவே கிழடாக்கப்பட்டவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கணினியை ஓங்கி மூடினேன். கோபத்தில்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே சோற்றைக் காட்டியே மறைத்திருக்கிறார்கள்.

பேராசிரியரிடம் சொல்வதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

சரியாக இருக்கிறது. இன்னொரு முறை பார்ப்போம்.

செப்டம்பர் 22, திங்கள்

சரியாக இருக்கிறது. விழாவுக்குப் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். அழைப்பிதழில் அஸ்வத் பெயர் தங்க எழுத்தில். ஆராய்ச்சியில் அவசரம் கூடாது.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று மாலை அஸ்வத்திடம் சொன்னேன். கேன்டீனில், டீ ஆறும் வரைக்கும் சொன்னேன். அவன் முட்டாள் இல்லை, பாதியிலேயே புரிந்துகொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கு எங்கம்மா அப்பா வராங்கக்கா. சொந்தக்காரங்க எல்லாம் வராங்க."

"தெரியும்."

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரம்."

 பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான், என்னுடையதுக்கும் சேர்த்து.

பேராசிரியருக்கும் போன் செய்து சொன்னேன், கத்தினார். "இது பொறாமை மங்கை! வயசு தாண்டிடுச்சுன்னு பொறாமை! ஜாதகத்த வச்சு சயின்ஸ் பண்றீங்களா? விழா முடியட்டும், அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

பொறாமை என்று யார் சொன்னாலும் எனக்கு உச்சி வரைக்கும் எரிகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

போனேன். மூன்றாவது வரிசை. அஸ்வத் மேடை ஏறி விருதை வாங்கினான். கூழ்க் கலயப் படம் திரையில் வந்ததும் பேசாமல் அடுத்ததற்குத் தள்ளினான். இரண்டே வாக்கியம் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். பையனுக்கு என்ன அடக்கம் என்று பக்கத்து இருக்கை அம்மாள் மெச்சினார். அவனுடைய அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்.

நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன். சேலை கசங்கியதுதான் மிச்சம்.

செப்டம்பர் 29, திங்கள்

அஸ்வத் காலையிலேயே வந்து மேசை முன் நின்றான்.

"விருது வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டேன். உங்க கணக்கையும் சேர்த்து அனுப்பியிருக்கேன், உங்க பேரோட. சார்ட்ட சொல்லிட்டேன்."

"அஸ்வத், நான்..."

"உங்களுக்குப் போன வாரம் தெரியலக்கா. ஆகஸ்ட்லயே தெரியும். ரிசல்ட் வந்த அன்னைக்கு இங்க நின்னுதான் உங்கம்மாகிட்ட ஜாதகம் கேட்டீங்க. அப்பவே சொல்லியிருந்தா எங்கம்மா அங்க வந்து உக்காந்திருக்க மாட்டாங்க."

அவனுக்குக் காது கூர்மை. ஆய்வகத்தில் போன் பேசக் கூடாது என்று போர்டு வைக்க வேண்டும்.

அக்டோபர் 4, சனி

அறக்கட்டளைக் கமிட்டியின் பதில். ஜாதகத்தை அறிவியல் ஆதாரமாக ஏற்க இயலாது. பள்ளியில் பதிந்த வயதுகள் தவறு என்றால், பதிந்தவரே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் அதே ஆள். என் வாழ்க்கையில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஹெட்மாஸ்டர் குருசாமி உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள். ஆலங்கிணறு

தீபாவளி. அம்மா அதிரசத்தில் பாகு முற்றிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பா எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டு வந்ததும் கமிட்டி கேட்ட ஒப்புதல் கடிதத்தை முன்னால் வைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தேன்.

இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் படித்தார்.

"எல்லாத்துக்கும் சேத்தா?"

"எல்லாத்துக்கும் சேத்துத்தான். பேர் எதுவும் வெளிய வராது."

"வேலையில இருக்க பிள்ளைகளுக்கு இதனால ஒண்ணும் வந்துராதுல்லா?"

"வராது."

"பேப்பர்ல பாத்த அன்னைக்கே நெனச்சேன், கூட்டுன வயசப் போய்க் கம்பங்கூழுங்கானேன்னு." பிறகு கேட்டார்: "தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகளுக்கு என்னமோ போட்டுருக்கியே, அது என்னது?"

சொன்னேன். மூன்று வயது என்றேன். வெடிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவையும் சொன்னேன். கேட்டிருந்தது.

"அஞ்சு முடியட்டும்னு விட்டுட்டா தீப்பெட்டி ஆபீஸ் ஏஜென்ட் பெத்தவுககிட்ட அட்வான்ஸக் குடுத்துட்டு வேன்ல ஏத்திருவான். அதான் நாலுலயே பிடிச்சுக் கொண்டாந்தேன். சத்துணவப் போட்டு மூணாங்கிளாஸ் வரைக்கும் இழுத்துப் பிடிச்சேன். அதுக்கு மேல எனக்குச் சாமர்த்தியம் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டி எழுதுனா பிள்ளைக பிழைச்சுக்கும்னு நெனச்சேன்."

கையெழுத்துப் போட்டார். அப்போதும் பச்சை மைப் பேனாதான். என் கோபம் இறங்குவதற்கு இடம் தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்காகக் கேட்டபோது ஒரு கையெழுத்து இல்லை, ஊருக்காகக் கேட்டால் கேட்ட வாய் மூடும் முன் கிடைக்கிறது. அதைச் சொல்லியும்விட்டேன். அவர் அதிரசத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அக்டோபர் 31, வெள்ளி

கமிட்டி ஏற்றுக்கொண்டது. இந்த ஆண்டு விருது ரத்து. என் நேர்மையை வானளாவப் புகழ்ந்து ஒரு பத்தி. தீப்பெட்டி ஆபீஸ் முடிவைப் பிரசுரிக்க வாழ்த்துகள்.

போன் செய்து கேட்டேன்: ஹெட்மாஸ்டரின் கடிதம் உண்மை என்றால் என் வயதும் அதில் அடக்கம்தானே? ஜூலை முதல் தேதியில் எனக்கு முப்பத்துநான்குதானே? அதே மரியாதையான பெண்.

"நியாயம்தான் மேடம். ஆனா இந்த வருஷ அப்ளிகேஷன் ஜூன்லயே முடிஞ்சுடுச்சே. அடுத்த வருஷம் ஜூலைக்கு முப்பத்தஞ்சு நிறையாம இருந்தா தாராளமா போடுங்க."

நிறைந்திருக்கும். சர்டிபிகேட் வயதிலும் தோற்றேன், உள்ள வயதிலும் தோற்றேன். போனைச் சுவரில் எறியலாம் என்று நினைத்தேன். புதுப் போன் வாங்கத் தெம்பில்லை. மார்ச் வரப்போகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அப்பா போன். அவர் எப்போதும் ஜூன் இரண்டாம் தேதிதான் வாழ்த்துவார், தான் எழுதிய தேதிக்குத் தானே சாட்சி சொல்வது மாதிரி. அம்மாவோ நட்சத்திரம் பார்ப்பவள், பரணி வரும் புதன்கிழமைதான் கூப்பிடுவாள். நவம்பர் இரண்டில் இதுவரை எனக்கு யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை.

"இன்னைக்குத்தானட்டி நீ பொறந்த."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"ஞாபகம் எப்பவும் உண்டு."  சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. தெருவில் நின்றுதான் பேசுகிறார், அம்மாவுக்குக் கேட்காமல். "ஒண்ணு கேக்கணும். கோவப்படாத."

"கேளுங்க."

"ஜூன்ல நீ வந்து கேட்டப்ப நான் கையெழுத்துப் போட்டுருந்தா, அந்தப் பரிசு ஒனக்கு வந்துருக்கும்லா?"

"வந்துருக்கும். எனக்கேதான் வந்துருக்கும்."

"வந்தப்புறம் இந்தத் தப்ப நீ சொல்லிருப்பியாட்டி?"

சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.